இளம்பெண்களின் மார்பகப் புற்றுநோயும் காலத்தாழ்வும்: திருவட்டாறு வட்டாரத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

இந்தியப் பெண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோயாகும். 40 வயதுக்குட்பட்ட பெண்களுக்கு இந்நோய் வரும்போது, மக்கள்தொகை அளவில் நடத்தப்படும் பரிசோதனைத் திட்டங்கள் அவர்களுக்குப் போதிய பயன் தருவதில்லை. அவ்வயதினரின் நோய் பெரும்பாலும் அவர்களாலேயே கைக்குத் தென்படும் கட்டியாக அறியப்படுகிறது. கட்டி தென்பட்ட நாளுக்கும் திசுப்பரிசோதனை முடிவு வரும் நாளுக்கும் இடைப்பட்ட காலமே அவர்களின் நோய்நிலையைப் பெரிதும் தீர்மானிக்கிறது. அக்காலம் நீள்வதற்கு வறுமையும் தொலைவும் மட்டுமன்றி மொழிவழக்கும் காரணமாகலாம். கன்னியாகுமரி மாவட்டத் திருவட்டாறு வட்டாரத்தின் சமூக, மருத்துவ வரலாற்றுப் பின்னணியில், நன்னூல் கூறும் தகுதி வழக்கு, தமிழ் உறவுமுறைச் சொற்கள் ஆகியவற்றைக் கொண்டு இக்காலத்தாழ்வை விளக்க இக்கட்டுரை முற்படுகிறது.

திறவுச்சொற்கள்: மார்பகப் புற்றுநோய், இளம்பெண்கள், காலத்தாழ்வு, இடக்கரடக்கல், உறவுமுறைச் சொற்கள், திருவட்டாறு, கன்னியாகுமரி.

முன்னுரை

பரளியாறும் கோதையாறும் சூழ்ந்தோடும் ஊர் திருவட்டாறு. நம்மாழ்வார் பாடிய ஆதிகேசவப் பெருமாள் கோயிலால் அறியப்பட்ட இவ்வூர், ரப்பர்த் தோட்டங்கள் நிறைந்த ஒரு பேரூராட்சியாகும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கன்னியாகுமரி மாவட்டத்தின் எழுத்தறிவு விகிதம் 91.75 விழுக்காடு, தமிழகத்தில் இதுவே மிக உயர்ந்தது. ஆயிரம் ஆண்களுக்கு 1019 பெண்கள் என்னும் பாலின விகிதமும் இம்மாவட்டத்திற்கு உண்டு. கல்வியும் மருத்துவ வசதியும் ஒப்பீட்டளவில் மிகுந்த ஒரு நிலப்பகுதியில், இளம்பெண் ஒருத்தி தன் மார்பில் தென்பட்ட கட்டியை உரிய காலத்தில் சொல்லத் தடையாக நிற்பது யாது என்னும் வினா, எழுத்தறிவின்மையை மட்டும் விடையாகக் கொண்டு அமைய இயலாது. அவ்வினாவே இக்கட்டுரையின் தொடக்கப் புள்ளியாகும்.

1. இளவயது என்னும் வரையறையும் இந்திய எண்களும்

மருத்துவ உலகம் பொதுவாக 40 வயதுக்குட்பட்ட பெண்களுக்கு வரும் மார்பகப் புற்றுநோயை இளவயது நோய் என வகுக்கிறது. உலகளவில் 2022-ஆம் ஆண்டில் சுமார் 23 லட்சம் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது, ஏறத்தாழ 6.7 லட்சம் பேர் இறந்தனர். அதே ஆண்டில் இந்தியாவில் புதிய நோயாளிகள் சுமார் 1.92 லட்சம், இறப்புகள் சுமார் 98 ஆயிரம். இவ்விரு இணைகளையும் ஒப்பிடின், உலக அளவில் நோயுறுவோருக்கும் இறப்போருக்கும் உள்ள இடைவெளி இந்தியாவில் வெகுவாகச் சுருங்கிவிடுவது புலனாகும்.

அமெரிக்காவில் இந்நோய் கண்டறியப்படும் நடு வயது 62. இந்தியாவில் அது ஏறத்தாழ 50 வயதை ஒட்டி அமைகிறது. இதனைக் கொண்டு இந்திய இளம்பெண்கள் மேலைநாட்டு இளம்பெண்களைவிட மிகுதியாக நோயுறுகின்றனர் எனக் கூறுவது பொருந்தாது. இந்திய மக்கள்தொகையில் இளையோர் மிகுதி. முதிய பெண்களிடையே நோய் நிகழ்வீதம் மேலைநாடுகளைவிடக் குறைவு. இவ்விரண்டும் சேர்வதால் நோயாளிகளின் சராசரி வயது கீழிறங்குகிறது. ஆயினும் மருத்துவமனையின் வாயிலில் நிற்கும் இளம் நோயாளிகளின் பங்கு இங்கு மிகுதி என்பது மறுக்கவியலாதது. அமெரிக்காவில் 40 வயதுக்குட்பட்டோர் மொத்த நோயாளிகளில் 5 விழுக்காட்டுக்கும் குறைவு. இந்திய மருத்துவரோ அவ்வயது நோயாளியை அடிக்கடி சந்திக்கிறார். எனவே மேலைநாட்டுத் திட்டங்களை அப்படியே பின்பற்றுவது இங்குப் போதாது.

நோய் கண்டறியப்படும் நிலையே பிழைப்பைத் தீர்மானிக்கிறது. இந்தியாவின் 11 மக்கள்தொகைசார் புற்றுநோய்ப் பதிவேடுகளில் 2012 முதல் 2015 வரை பதிவானோரைத் தொடர்ந்து நோக்கிய ஆய்வில், ஐந்தாண்டுப் பிழைப்பு வீதம் 66.4 விழுக்காடாக இருந்தது. நோய் மார்பகத்தளவில் நின்றபோது அது 81 விழுக்காடு. தொலைவிலுள்ள உறுப்புகளுக்குப் பரவியபின் 18.3 விழுக்காடு மட்டுமே. அண்டை மாவட்டமான திருவனந்தபுரத்தில் ஐந்தாண்டுப் பிழைப்பு 69.1 விழுக்காடு, அருணாசலப் பிரதேசத்தின் பாசிகாட்டில் 41.9 விழுக்காடு. ஒரே நாட்டில், ஒரே நோயில், பிறந்த இடத்தைப் பொறுத்து வாழ்வு இத்துணை வேறுபடுகிறது.

2. இளவயது நோயின் தனித்தன்மைகள்

இளம்பெண்களின் மார்பகத்தில் சுரப்பித் திசு அடர்ந்திருக்கும். மேமோகிராம் படத்தில் சுரப்பித் திசுவும் கட்டியும் வெண்மையாகவே தோன்றுவதால் கட்டி மறைந்துவிடக்கூடும். ஆகவே, இளம்பெண்ணுக்கு முதற்படமாக அல்ட்ராசவுண்டு ஸ்கேன் எடுப்பதே வழக்கம். மேமோகிராம் இயல்பாக இருக்கிறது என்பதைக் கொண்டு கையில் தென்படும் கட்டியைப் புறக்கணிப்பது பிழை.

இளவயதில் தோன்றும் புற்றுநோய்கள் விரைந்து வளரும் இயல்பினவாக இருப்பதற்கு வாய்ப்பு மிகுதி. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன், ஹெர்2 ஆகிய மூன்று ஏற்பிகளும் இல்லாத மும்மை எதிர்மறை வகை இளம்பெண்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. இந்திய ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியவர்கள், மார்பகப் புற்றுநோயாளிகளில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினர் இவ்வகையினர் என்கின்றனர். மேலைநாடுகளில் இது 10 முதல் 15 விழுக்காடு வரையே. இவ்வகை நோய்க்கு ஹார்மோன் மாத்திரைகள் பயன்படா. இரண்டு பரிசோதனைகளுக்கு இடைப்பட்ட காலத்திலேயே இது கையில் தென்படும் அளவுக்கு வளர்ந்துவிடவும் கூடும்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. இளம்பெண்களின் மார்பில் தென்படும் கட்டிகளில் மிகப் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. ஃபைப்ரோஅடினோமா எனப்படும் தீங்கற்ற கட்டியே இருபதுகளில் மிகுதி. இந்த உண்மையே சில வேளைகளில் ஆபத்தாகவும் முடிகிறது. "இந்த வயதில் ஒன்றும் இருக்காது" என்னும் ஆறுதல் நூறு பெண்களில் பெரும்பாலோருக்குச் சரியாகவும், எஞ்சிய சிலருக்குப் பேரிழப்பாகவும் அமைந்துவிடுகிறது. யார் எவ்வகையினர் என்பதைப் பிரித்தறியக் கைத்தேர்வு, படம், ஊசிவழித் திசுப்பரிசோதனை ஆகிய மூன்றும் சேர்ந்த மும்மைத் தேர்வு வேண்டும். வயது அதற்கு மாற்றாகாது.

3. முகாம் எட்டாத வயது

இந்திய அரசின் 2016-ஆம் ஆண்டு நெறிமுறை, 30 முதல் 65 வயது வரையுள்ள பெண்களுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை பயிற்சி பெற்ற பணியாளரால் மார்பகக் கைத்தேர்வு செய்யப் பரிந்துரைத்தது. தமிழ்நாட்டில் வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூன்று புற்றுநோய்களுக்கான ஒருங்கிணைந்த சமுதாயப் பரிசோதனை, 2023 நவம்பரில் ஈரோடு, திருப்பூர், இராணிப்பேட்டை, கன்னியாகுமரி ஆகிய நான்கு மாவட்டங்களில் முன்னோடியாகத் தொடங்கப்பட்டது. வாய்ப் புற்றுநோய்க்கு 18 வயது நிறைந்தோரும், மார்பகம், கருப்பைவாய் ஆகியவற்றுக்கு 30 வயது நிறைந்த பெண்களும் இதில் அழைக்கப்பட்டனர். திருவட்டாறு இம்முன்னோடி மாவட்டத்துள் அடங்குவது குறிப்பிடத்தக்கது.

இத்திட்டத்தின் நன்மை ஐயத்திற்கு இடமற்றது. எனினும் இளம்பெண்களுக்கு அதன் எல்லை எதுவரை என்பதை அறிய, இந்தியாவில் நடந்த இரு பெரும் ஆய்வுகளை நோக்க வேண்டும். முதலாவது, கன்னியாகுமரி மாவட்டத்தை ஒட்டியுள்ள திருவனந்தபுரம் மாவட்டத்தில் 2006-இல் தொடங்கியது. 30 முதல் 69 வயது வரையுள்ள 1,15,652 பெண்கள் அதில் சேர்க்கப்பட்டனர். 2011-இல் வெளிவந்த அதன் முதற்கட்ட முடிவின்படி, கைத்தேர்வு செய்யப்பட்ட பிரிவில் 43.8 விழுக்காட்டினரின் நோய் தொடக்கநிலையில் அறியப்பட்டது. மற்றப் பிரிவில் 25.4 விழுக்காடு. இரண்டாவது, மும்பையில் 1998 முதல் இருபது ஆண்டுகள் நடந்த டாடா நினைவு மையத்தின் ஆய்வு. 35 முதல் 64 வயது வரையுள்ள 1,51,538 பெண்கள் இதில் இடம்பெற்றனர். இரண்டாண்டுக்கு ஒருமுறை செய்யப்பட்ட கைத்தேர்வால் 50 வயதுக்கு மேற்பட்டோரிடையே இறப்பு ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தது. 50 வயதுக்குட்பட்டோரிடையே குறிப்பிடத்தக்க குறைவு காணப்படவில்லை என 2021-இல் வெளியான முடிவு தெரிவித்தது.

மார்பகச் சுயபரிசோதனையும் இங்கு எண்ணத்தக்கது. சீனாவின் ஷாங்காய் நகரில் 2,66,064 நெசவாலைப் பெண்களிடம் நடந்த ஆய்வின் இறுதி முடிவு 2002-இல் வெளிவந்தது. மாதந்தோறும் முறைப்படி சுயபரிசோதனை செய்யக் கற்பிக்கப்பட்டோரிடையே இறப்பு குறையவில்லை. தீங்கற்ற கட்டிகளுக்கான திசுப்பரிசோதனைகளே கூடின. ஆகவே இன்று மாதாந்தரச் சடங்காகச் சுயபரிசோதனையை வற்புறுத்தாமல், தன் மார்பின் இயல்பை அறிந்திருத்தலும், மாற்றம் தெரிந்தால் தாமதமின்றிக் காட்டுதலுமே பரிந்துரைக்கப்படுகின்றன.

இம்மூன்று சான்றுகளையும் ஒருசேர நோக்கின் ஒரு முடிவு பெறப்படுகிறது. இளம்பெண்ணின் நோயைப் பெரும்பாலும் முகாம் கண்டுபிடிப்பதில்லை; குளிக்கும்போதோ, உடை மாற்றும்போதோ, குழந்தைக்குப் பால் கொடுக்கும்போதோ அவளே கண்டுபிடிக்கிறாள். உலக நலவாழ்வு நிறுவனம் 2021-இல் தொடங்கிய உலக மார்பகப் புற்றுநோய் முன்னெடுப்பு, ஒருவர் முதன்முதலில் மருத்துவ அமைப்பை அணுகியதிலிருந்து 60 நாட்களுக்குள் நோய் கண்டறிதல் முடிய வேண்டும் என இலக்கு வைத்தது. ஆனால் அந்த 60 நாட்களின் கணக்கு அவள் வாய்திறந்து சொன்ன பிறகே தொடங்குகிறது. அதற்கு முந்தைய நாட்களை எந்தப் பதிவேடும் எண்ணுவதில்லை.

4. திருவட்டாறு வட்டாரம்: மருத்துவ வரலாறும் சமூக வரலாறும்

தென் திருவிதாங்கூராக இருந்த இப்பகுதி நவீன மருத்துவத்திற்குப் புதியதன்று. திருவட்டாற்றுக்கு அண்மையிலுள்ள நெய்யூரில் இலண்டன் மிஷனின் மருத்துவப் பணி 1838-இல் தொடங்கியது. நெய்யூர் மருத்துவமனையில் பணியாற்றிய ஐ. எம். ஆர், வெற்றிலைபாக்கு மெல்லுவோரிடையே காணப்பட்ட வாய்ப் புற்றுநோய் குறித்துத் திருவிதாங்கூர்ச் சான்றுகளைக் கொண்டு 1933-இல் லான்செட் இதழில் எழுதினார். 1956 நவம்பர் 1-இல் இப்பகுதி தமிழகத்தோடு இணைந்தது. 1981-இல் திருவனந்தபுரத்தில் மண்டலப் புற்றுநோய் மையம் அமைந்தது. ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இயங்குகிறது. சென்னை அடையாற்றில் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனை தமிழகத்திற்கு முன்னோடி எனினும், திருவட்டாற்றுப் பெண்ணுக்குச் சுமார் 50 கி.மீ. தொலைவிலுள்ள திருவனந்தபுரமே அண்மை. முத்துலட்சுமி ரெட்டியைப் புற்றுநோய்ப் பணிக்குத் தூண்டியது, தம் தங்கையை இளவயதில் அந்நோய்க்குப் பறிகொடுத்த துயரமே என்பதும் இங்கு நினையத்தக்கது.

சமூக வரலாற்றிலும் இந்நிலம் மார்பகத்தோடு தொடர்புடைய ஒரு பெரும் போராட்டத்தைக் கண்டது. கல்குளம் வட்டாரத்தில் 1822-இல் தொடங்கிப் பல கட்டங்களாக நடந்த தோள்சீலைப் போராட்டம், 1859 ஜூலை 26-ஆம் நாள் திருவிதாங்கூர் மன்னர் வெளியிட்ட அறிவிப்பால் நாடார் பெண்கள் மார்பை மறைக்கும் உரிமை பெற்றதோடு ஒரு கட்டத்தை எட்டியது. மேலாடை அணியும் உரிமை அடிபட்டும் ஆடை கிழிபட்டும் பெறப்பட்டது. அப்போராட்டத்திற்கும் இன்றைய நோயாளியின் தயக்கத்திற்கும் நேர்க்காரணத் தொடர்பு கற்பிக்க இயலாது. எனினும் மார்பை மறைத்தல் தன்மானத்தின் அடையாளமாகப் போராடிப் பெறப்பட்ட நிலத்தில், அதனை அயலார்முன் திறந்து காட்டத் தயங்கும் பெண்ணை அறியாமை மிக்கவள் எனக் கடிந்துகொள்வது வரலாறு அறியாத செயலாகும். பெண் மருத்துவரோ பெண் செவிலியரோ உடனிருத்தல், திரைமறைவு, தேர்வுக்குமுன் இசைவு கேட்டல் ஆகியவை இங்குச் சலுகைகள் அல்ல; மருத்துவத்தின் இன்றியமையாக் கூறுகள்.

பொருளியல் காரணங்களும் உள. ரப்பர் பால்வெட்டும் முந்திரி ஆலை வேலையும் நாட்கூலியைச் சார்ந்தவை. மருத்துவமனைக்குச் செல்லும் நாள் கூலியிழக்கும் நாளாகும். வளைகுடா நாடுகளில் கணவர் பணிபுரியும் குடும்பங்களில், "அவர் விடுப்பில் வரட்டும்" என்னும் காத்திருப்பும் சேர்ந்துகொள்ள இடமுண்டு.

5. தகுதி வழக்கும் நோயின் மறைவும்

நன்னூல் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூவகைப்படுத்துகிறது. அவையில் கூறத்தகாததை வேறு சொல்லால் மறைத்துக் கூறுவது இடக்கரடக்கல். மங்கலமில்லாததை மங்கலமாக மாற்றிக் கூறுவது மங்கலம். ஒரு குழுவினர் தமக்குள் மட்டும் வழங்கிக்கொள்ளும் சொல் குழூஉக்குறி. இம்மூன்றும் பேச்சின் பண்பாட்டைக் காப்பவை. மார்பகப் புற்றுநோயில் இம்மூன்றுமே, வெவ்வேறு கட்டங்களில், நோயை மறைக்கும் திரைகளாகவும் மாறிவிடுகின்றன.

முதல் திரை இடக்கரடக்கல். சங்கப் பாடல்களிலும் காப்பியங்களிலும் முலை என்னும் சொல் தயக்கமின்றி ஆளப்பட்டது. புறமுதுகிட்டான் எனில் மகன் பாலுண்ட முலையை அறுத்தெறிவேன் எனச் சூளுரைத்த முதிய தாயைப் புறநானூறு காட்டுகிறது. கண்ணகி தன் இடமுலையைத் திருகியெறிந்து மதுரையை எரித்ததைச் சிலம்பு கூறுகிறது. இன்றோ அச்சொல் பொதுப்பேச்சிலிருந்து விலக்கப்பட்டு, மார்பகம் என்னும் எழுத்துச்சொல் மருத்துவப் பலகைகளில் மட்டும் நிற்கிறது. பேச்சில் எஞ்சுவது 'நெஞ்சு'. "நெஞ்சில் ஒரு மாதிரி இருக்கிறது" என்னும் தொடரைக் கேட்பவர் இதயத்தையும் வாயுவையும் நினைக்கலாம், இதயமின்வரைபடம் எடுக்கலாம், மார்பகம் தொடப்படாமலே அவள் வீடு திரும்பவும் கூடும். சொல் காத்த நாகரிகம் உறுப்பை மறைத்துவிடுகிறது.

இரண்டாம் திரை மங்கலம். 'கட்டி' என்னும் சொல் தமிழில் சீழ்க்கட்டிக்கும் உரியது. சீழ்க்கட்டி வலிக்கும், பழுக்கும், உடையும், ஆறும். அவ்வனுபவத்தைக் கொண்டு மார்பகக் கட்டியை அளப்போர், வலியில்லாததைத் தீங்கற்றது எனக் கொள்கின்றனர். உண்மையில் தொடக்கநிலைப் புற்றுக்கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை. நீர்க்கட்டி, கொழுப்புக்கட்டி என்னும் அடைகள் மேலும் ஆறுதல் தருகின்றன. திசுப்பரிசோதனை செய்யாமல் இவ்வடைகளைச் சேர்ப்பது நோய்க்குப் பெயரிடுதல் ஆகாது; அச்சத்தைத் தணித்தல் மட்டுமே. நோய் உறுதியான பின்னரும் 'அந்த நோய்' என்றே குறிக்கும் வழக்கம் தொடர்கிறது. பெயர் சொல்லாத வீட்டில், நோயாளியின் தங்கைக்கும் மகளுக்கும் தம் இடர் தெரியாமலே போகிறது. திருமணப் பேச்சுக்கு இடையூறாகும் என்னும் அச்சம் இம்மறைப்பை மேலும் இறுக்குகிறது.

மூன்றாம் திரை குழூஉக்குறி. மருத்துவர் தம்முள் வழங்கும் 'சி.ஏ.', 'மாஸ்', 'டி.என்.பி.சி.' போன்ற குறிகள் நோயாளியின் முன்னிலையிலேயே பேசப்படும், அவளுக்கு விளங்காது. எல்லை கடந்து திருவனந்தபுரம் செல்வோருக்கு மலையாளமும் சேர்ந்துகொள்கிறது. கட்டியை 'முழ' என்னும் அம்மொழிச் சொல் இவ்வட்டாரத்தார் பலருக்குப் புரியக்கூடியது. சிகிச்சையின் நீண்ட விளக்கங்கள் அவ்வாறல்ல. வெட்டுவது எதனை, மருந்து எத்தனை முறை, அடுத்த வருகை எப்போது என்பவை விளங்காதபோது சிகிச்சை பாதியில் நிற்கும் வாய்ப்பு கூடுகிறது.

6. தாய்மைக்காலமும் பால்கட்டும்

இளம்பெண்களுக்கே உரிய மற்றொரு மயக்கம் பால்கட்டு. பிரசவத்திற்குப்பின் மார்பு கனப்பதும், கட்டிக்கொள்வதும், காய்ச்சல் வருவதும் இயல்பு. பால் வற்ற மல்லிகைப்பூவை மார்பில் கட்டும் வழக்கம் தென்னிந்தியாவில் உண்டு. பால் சுரப்பை அது குறைக்கிறதா என்பதை 1988-இல் ஒரு மருத்துவ ஆய்வு சோதித்து, மருந்துக்கு நிகரான பயன் கண்டது. இவ்வழக்கத்தைப் பழிக்க வேண்டியதில்லை. ஆனால் பால்கட்டு பால் வடிந்தால் தளரும். ஓரிரு வாரத்தில் மாறும். இரண்டு வாரம் கடந்தும் ஒரே இடத்தில் கல்லைப்போல் நிற்கும் கட்டி பால்கட்டாகக் கருதப்படலாகாது. பாலூட்டும் காலத்திலும் அல்ட்ராசவுண்டு ஸ்கேனும் ஊசிவழித் திசுப்பரிசோதனையும் செய்ய இயலும். அவற்றுக்காகப் பாலூட்டலை நிறுத்த வேண்டியதில்லை.

குழந்தைப்பேறு மார்பகப் புற்றுநோயிலிருந்து காக்கும் என்பது நீண்டகால நோக்கில் உண்மை. எனினும் குறுகிய காலத்தில் நிலை வேறு. பல நாட்டுத் தரவுகளைத் தொகுத்து 2019-இல் வெளியான ஓர் ஆய்வு, பிரசவத்தையடுத்த ஆண்டுகளில் இடர் சற்றுக் கூடி, ஏறத்தாழ ஐந்தாம் ஆண்டில் உச்சம் தொட்டு, பின் மெல்லக் குறைவதைக் காட்டியது. தனியொரு பெண்ணுக்கு இவ்விடர் மிகச் சிறிதே. ஆயினும் "பிள்ளை பெற்றவளுக்கு இது வராது" என்னும் நம்பிக்கைக்கு அது இடம் தரவில்லை.

7. உறவுமுறைச் சொற்களும் மரபுவழி இடரும்

மார்பகப் புற்றுநோய்களில் 5 முதல் 10 விழுக்காடு மரபுவழிப்பட்டவை. 1990-இல் மேரி-கிளேர் கிங் 17-ஆம் குரோமோசோமில் அதற்குரிய இடத்தைச் சுட்டினார், 1994-இல் பி.ஆர்.சி.ஏ.1, 1995-இல் பி.ஆர்.சி.ஏ.2 ஆகிய மரபணுக்கள் கண்டறியப்பட்டன. இவற்றில் கேடுடைய பிறழ்வு கொண்ட பெண்ணுக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 70 விழுக்காடு என 2017-இல் ஒரு பெரும் ஆய்வு மதிப்பிட்டது. நோய் இளவயதில் வந்திருப்பதே மரபுவழிச் சோதனையை எண்ணுவதற்குரிய காரணங்களுள் ஒன்றாகும்.

இப்பிறழ்வு தாய்வழியாக வருவது போலவே தந்தைவழியாகவும் வரும். ஒவ்வொரு பிள்ளைக்கும் வாய்ப்பு சரிபாதி. "அம்மாவுக்கு இருந்ததா?" என்று மட்டும் கேட்கும் மருத்துவக் குறிப்பு பாதிக் குடும்பத்தை விட்டுவிடுகிறது. தமிழில் இதற்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு. 'அத்தை' என்னும் சொல் தந்தையுடன் பிறந்தவளையும், தாய்மாமன் மனைவியையும், மாமியாரையும் குறிக்கும். முதலாமவள் குருதியுறவு, மற்ற இருவரும் அவ்வாறு இருக்க வேண்டுவதில்லை. 'சித்தி' தாயின் தங்கையாகவும் சிற்றப்பனின் மனைவியாகவும் இருக்கலாம், 'பெரியம்மா'வும் அவ்வாறே. முறைமணம் நிகழ்ந்த குடும்பத்திலோ மாமியாரே தந்தையின் உடன்பிறந்தவளாகவும் இருக்கக்கூடும். ஆகவே "அத்தைக்கு இருந்தது" என்னும் விடையை அப்படியே பதிவுசெய்வது பொருளற்றது. "அப்பாவுடன் கூடப் பிறந்தவரா?", "எந்த வயதில் வந்தது?" என்னும் இரு வினாக்கள் அவ்விடையைப் பயனுடையதாக்கும். ஆண்வழி உறவினர்க்கு வந்த மார்பகப் புற்றுநோயும், பெண்களுக்கு வந்த சினைப்பைப் புற்றுநோயும் உடன் கேட்கப்பட வேண்டும்.

8. சிகிச்சையும் எதிர்கால வாழ்வும்

ஊசி குத்தினால் புற்று பரவும் என்னும் அச்சம் பலரிடம் உண்டு. திசுப்பரிசோதனை நோயின் பிழைப்பைக் கெடுப்பதில்லை. மாறாக எந்த ஏற்பி உள்ளது என்பதை அதுவே சொல்கிறது. அம்முடிவைப் பொறுத்தே அறுவை, வேதிச்சிகிச்சை, கதிர்வீச்சு, ஹெர்2 எதிர்ப்பு மருந்து, ஹார்மோன் மருந்து ஆகியவற்றின் வரிசை அமைகிறது. மார்பகம் முழுவதையும் நீக்குதல் எல்லோருக்கும் தேவையில்லை. தொடக்கநிலையில் கட்டியை மட்டும் நீக்கிக் கதிர்வீச்சு அளிப்பது பிழைப்பில் நிகரான பயன் தரும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் தகுதியுடைய குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உதவுகிறது. எனினும் பயணமும் கூலியிழப்பும் குழந்தை பராமரிப்பும் காப்பீட்டுக்கு வெளியே நிற்பவை.

இளம்பெண்ணின் முதல் கேள்வி பல வேளைகளில் உயிரைப் பற்றியது மட்டுமன்று, "இனி எனக்குக் குழந்தை பிறக்குமா?" என்பதும் ஆகும். வேதிச்சிகிச்சை சினைப்பையைப் பாதிக்கக்கூடும். அதனைத் தொடங்குவதற்கு முன்பே கருமுட்டை அல்லது கருவை உறைநிலையில் சேமித்தல், சினைப்பைச் செயலைத் தற்காலிகமாக நிறுத்தும் ஊசி ஆகிய வழிகளைப் பற்றிப் பேச வேண்டும். தொடங்கிய பின் பேசுவது காலங்கடந்த பேச்சாகும். ஹார்மோன் ஏற்பியுடைய நோய்க்கு ஐந்து முதல் பத்தாண்டு மாத்திரை உட்கொள்ள வேண்டியிருப்பது இளம்பெண்ணுக்குப் பெருஞ்சுமை. 2023-இல் வெளியான 'பாசிட்டிவ்' ஆய்வில், 42 வயதுக்குட்பட்ட 516 பெண்கள் 18 முதல் 30 மாதம் வரை மாத்திரை உட்கொண்டபின், கருவுறும் பொருட்டு ஈராண்டு வரை அதனை நிறுத்தினர். மூன்றாண்டில் நோய் மீள்வு 8.9 விழுக்காடு, ஒப்பீட்டுக் குழுவில் 9.2 விழுக்காடு. ஏறத்தாழ 64 விழுக்காட்டினர் குழந்தை பெற்றனர். நெடுங்கால விளைவை அறியத் தொடர்நோக்கு வேண்டும் எனினும், நோயுற்றதும் தாய்மை முடிந்தது என்னும் தீர்ப்பு தவறு என்பதை இது காட்டுகிறது. மருத்துவரின் கண்காணிப்பின்றித் தாமாகவே மாத்திரையை நிறுத்துவதற்கு இது சான்றாகாது.

முடிவுரை

இளம்பெண்களின் மார்பகப் புற்றுநோயில் பரிசோதனை முகாமின் ஆற்றல் வரம்புடையது. 30 வயதைத் தொடாதவள் அதில் அழைக்கப்படுவதில்லை. 50 வயதுக்குட்பட்டோருக்குக் கைத்தேர்வு இறப்பைக் குறைத்ததாகச் சான்றில்லை. ஆகவே அவ்வயதினரைப் பொறுத்தவரை, தென்பட்ட கட்டி விரைவில் சொல்லப்படுவதும், சொல்லப்பட்டது உரியவாறு கேட்கப்படுவதும், கேட்கப்பட்டது 60 நாட்களுக்குள் திசுப்பரிசோதனையால் தெளிவு பெறுவதுமே பற்றுக்கோடுகளாகும்.

இடக்கரடக்கல் உறுப்பை மறைக்கிறது. மங்கலம் இடரை மறைக்கிறது. குழூஉக்குறி சிகிச்சையை மறைக்கிறது. தகுதி வழக்கை ஒழிக்க வேண்டும் என்பது இதன் பொருளன்று. அதனை அறிந்த மருத்துவப் பணியாளர் வினாவை மாற்றிக் கேட்கலாம். வீடுதோறும் செல்லும் பெண் தன்னார்வலர், "ஏதும் தொந்தரவு உண்டா?" என்று பொதுவாகக் கேட்பதினும், "மார்பில் கல்லுபோல ஏதும் தட்டுப்படுகிறதா? எத்தனை நாளாக? பால் கொடுத்த பிறகும் அப்படியே இருக்கிறதா? அப்பாவோடு, அம்மாவோடு கூடப் பிறந்த யாருக்கேனும் வந்திருக்கிறதா?" என்னும் நான்கு வினாக்களைக் கேட்பது பயனுடையது. வினாவில் சொல் இடம்பெற்றுவிடுவதால், விடை சொல்பவள் அச்சொல்லைத் தானே தேட வேண்டியதில்லை. ஆம் என்றால் போதும்.

வட்டார வழக்காய்வும் உறவுமுறை ஆய்வும் தமிழ்த்துறைகளில் நீண்ட மரபுடையவை. உடலுறுப்பு, நோய், வலி ஆகியவற்றைக் குறிக்கும் கன்னியாகுமரி வழக்குகளை இத்துறைகள் தொகுத்து, மருத்துவக் கல்லூரிகளோடு இணைந்து நோயாளியிடம் கேட்கத்தக்க வினாநிரல்களை உருவாக்கினால், அது சொல்லாய்வாகவும் உயிர்காக்கும் பணியாகவும் ஒருங்கே அமையும்.